நான் படுத்திருந்தபோது கூட்டம் நடத்தியவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர்க்காரர்களுக்கும், கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தோழிகளுக்கும், மருத்துவமனையில் என்னைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குச் சிக்கிள் செல் ரத்தசோகை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். உடம்பில் தண்ணீர் வற்றினாலோ, குளிரில் நனைந்தாலோ, அளவுக்கு மீறி அலைந்தாலோ ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து சின்னக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அப்போது எலும்புக்குள்ளிருந்து கிளம்புகிற வலியைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். காட்டில் நமக்குள்ள உரிமையைச் சட்டப்படி கேட்கும் வன உரிமை மனுவுக்காக மழையில் காட்டெல்லையை நடந்து குறித்துவிட்டு வந்த இரவில் அந்த வலி என்னைப் பிடித்தது.

முதலில் போன இடத்தில் வலிக்கு ஊசி போட்டு, "ரத்தம் கம்மி, நல்லா சாப்பிடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஜீப் பிடித்து கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோன தம்பிகளே, உங்களால்தான் எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அங்கே இருந்த நர்ஸ் அக்காவும் நம் பணியர் பழங்குடிப் பெண்தான். எங்கே வலிக்கிறது என்று நம் பேச்சிலேயே கேட்டார். தண்ணீர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, "பத்து மணிக்குள்ள இது வரை, சாப்பாட்டுக்கு முன்னாடி இது வரை" என்று பக்கத்திலேயே நின்று குடிக்க வைத்தார். அந்தப் பாட்டில் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இந்த வலி அடிக்கடி வராமல் இருக்கக் கொடுத்த ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையையும் விடாமல் போடுகிறேன் அக்கா.

அப்புறம் நம் ஊர்ப் பெண்கள். வன உரிமைச் சட்டப்படி கிராம சபைக்குப் பாதிப் பேராவது வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். நான் இல்லாமல் அது நடக்காது என்றுதான் கட்டிலில் புரண்டேன். நீங்களோ எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தை நிறைத்துவிட்டீர்கள். மனுவுக்குப் பெரியவர்கள் சொல்வதையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒருத்தி பாட்டிமார் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு தோண்டிய இடம், தேன் எடுத்த மரம், சாமி கும்பிட்ட இடம் எல்லாவற்றையும் எழுதினாள். தினமும் சாயங்காலம் எனக்குப் போனில் படித்தும் காட்டினாள். கண்ணு, அந்த வார்டில் எனக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடைக்கவில்லை.

நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்தச் சிக்கிள் செல் குறை இருப்பதை 1952லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தனை வருடம் கழிந்தும் நம் பெண்கள் வலியை வெளியே சொல்வதில்லை. சொன்னால் பொறுப்பிலிருந்து இறக்கிவிடுவார்களோ, கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பயம். நான் படுத்த பிறகு பரிசோதனைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நன்றி. அப்பா, அம்மா இருவரிடமும் இந்த நோயின் மரபுக்கூறு ஒன்று இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. தெரிந்துகொண்டால் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே வைத்தியம் தொடங்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருகிறேன். மனு வேலையை உட்கார்ந்து பார்ப்பேன். மழைக்காலத்தில் எல்லை நடப்பதை மட்டும் இளையவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் வைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் அக்கா சொல்லியிருக்கிறார். வீட்டு ஆண்களையும் கூட்டி வாருங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் வன உரிமைக் குழுப் பெண்,
பந்தலூர் வட்டம், நீலகிரி