உடோனிஸ் ஹாஸ்லெம் அவர்களுக்கு: உங்கள் குணத்தைப் பற்றியல்ல, ஆட்டத்தைப் பற்றி

மதிப்பிற்குரிய உடோனிஸ் ஹாஸ்லெம் அவர்களுக்கு,

2024 ஜனவரி 19 அன்று, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் மயாமி ஹீட் அணி உங்கள் 40-ஆம் எண்ணை அரங்கின் மேலே ஏற்றி, இனி அந்த எண்ணை வேறு யாரும் அணிவதில்லை என்று அறிவித்தது. அந்த அணிக்காக ஆடி அப்பெருமையைப் பெற்றவர்களில் நீங்கள் ஆறாமவர். உங்களுக்கு முன் பெற்ற டிம் ஹார்டவே, அலோன்சோ மோர்னிங், ஷகீல் ஓ'நீல், கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட் ஆகிய ஐவரும் லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள். நீங்கள் ஒருமுறைகூடத் தேர்வானதில்லை. அதனால்தானோ என்னவோ, உங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் விசுவாசத்தையும் கண்டிப்பையும், பிறந்த ஊரின் அணியை விட்டு 20 பருவங்கள் அகலாத உறுதியையும் எழுதி முடித்துவிடுகிறார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் நல்ல மனிதர் என்ற புகழுக்கு அடியில் ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் மறைந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

புளோரிடா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பில்லி டோனவனிடம் நான்கு ஆண்டுகள் ஆடினீர்கள். 2000-இல் அந்த அணி தேசிய இறுதி ஆட்டம் வரை சென்று மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றது. அங்கே நீங்கள் கூடைக்கு அடியில் நிற்கும் சென்டர். 6 அடி 8 அங்குல உயரத்தில் கல்லூரியில் அது செல்லுபடியாகும். ஏழடி மனிதர்கள் காத்திருக்கும் என்பிஏவில் செல்லாது. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2002 டிராஃப்டில் எந்த அணியும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. பிரான்சில் ஷலோன் நகர அணிக்கு ஒரு பருவம் ஆடப் போனீர்கள். அப்போது உங்கள் எடை ஏறக்குறைய 300 பவுண்டு என்றும், அதை அங்கேதான் குறைத்தீர்கள் என்றும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கதையை எல்லோரும் மன உறுதிக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு தொழில் முடிவாகவே தெரிகிறது. கூடைக்கு அடியில் எடையால் இடம் பிடிக்கும் ஆட்டக்காரராகவே இருந்திருந்தால் உங்களுக்கு இந்த லீகில் இடமே கிடைத்திருக்காது. கூடைக்கு அடியிலிருந்து வெளியே ஓடி வந்து ஸ்கிரீன் வைத்து (சக ஆட்டக்காரரைக் காக்கும் எதிராளியின் வழியை உடலால் மறித்து), உடனே திரும்பி, தன்னைவிட வேகமான ஃபார்வர்டைத் தடுத்து, தவறிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கு மீண்டும் உள்ளே நுழைய வேண்டிய பவர் ஃபார்வர்டாக மாற அந்த எடை குறைந்தாக வேண்டும். 2003 கோடையில் மயாமி உங்களை எடுத்துக்கொண்டது. மயாமியை நடத்திய பாட் ரைலியின் அணியில் உடல் கொழுப்பின் அளவைக்கூட அளந்து பார்ப்பார்கள் என்பதால், நீங்கள் சரியான இடத்துக்குத்தான் தயாராகி வந்திருந்தீர்கள். அந்த முதல் பருவத்தின் முடிவில் லீகின் சிறந்த புதுமுகங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அணியில் உங்கள் பெயர் இருந்தது.

அடுத்த ஆண்டு ஷகீல் ஓ'நீல் வந்தார். கூடைக்கு முன்னால் இருக்கும் இடம் முழுவதும் அவருடையது. அவருக்குப் பக்கத்தில் ஆடும் பவர் ஃபார்வர்ட் உள்ளேயே நின்றால், அந்த ஃபார்வர்டைக் காக்கும் எதிரணி ஆள் ஓ'நீலைத் தடுக்க உதவிக்கு வந்துவிடுவார்; வெளியே நின்றும் பந்தைப் போட முடியாதவராக இருந்தால் அப்போதும் வந்துவிடுவார். ஆக, அடிக்கோட்டின் ஓரத்திலிருந்தும் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையிலிருந்தும் குதித்தெழுந்து போடும் 15 முதல் 17 அடி தூர ஜம்ப் ஷாட்டைப் போட்டாக வேண்டியது உங்கள் பிழைப்புக்கே நிபந்தனையாயிற்று. கல்லூரியில் முதுகைக் கூடைக்குக் காட்டி ஆடியவர் நீங்கள். 2004-05 பருவத்தில் 80 ஆட்டங்களில் சராசரியாக 10.9 புள்ளிகளும் 9.1 ரீபவுண்டுகளும் எடுத்தீர்கள். அந்தப் புள்ளிகளில் கணிசமான பங்கு, வேடுக்கோ ஓ'நீலுக்கோ இரண்டு பேர் ஓடிய கணத்தில் யாரும் காக்காமல் நின்ற உங்களிடம் வந்த பந்திலிருந்து கிடைத்தது. தனியாக நிற்பவருக்கு அது சுலபம் என்று தோன்றலாம். ஆட்டம் முழுவதும் ஏழெட்டு முறைதான் பந்து கைக்கு வரும், அதற்கு இடையில் 30 நிமிடம் உடலோடு உடல் மோதிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிலையில், வந்த பந்தைத் தயங்காமல் போடுவது எத்தனை கடினம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

ரீபவுண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலின் மையம் அது. 2012 நவம்பர் 21 அன்று மில்வாக்கிக்கு எதிரான ஆட்டத்தில் அலோன்சோ மோர்னிங்கின் 4,807 ரீபவுண்டுகளைத் தாண்டி, மயாமி அணியின் வரலாற்றில் அதுவரை அதிக ரீபவுண்டுகள் எடுத்தவரானீர்கள். டிராஃப்டில் தேர்வாகாத ஒருவர் ஓர் என்பிஏ அணியின் ரீபவுண்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. மோர்னிங் உங்களைவிட உயரமானவர், கைகள் நீண்டவர், குதித்து எட்டுகிறவர். உங்களிடம் அந்த எட்டு இல்லை. உங்களிடம் இருந்தது பந்து கையைவிட்டுக் கிளம்பிய கணத்தில் எதிராளியைத் தேடிப் போய் இடுப்பாலும் தொடையாலும் அவரைக் கூடையிலிருந்து ஓர் அடியாவது தள்ளிவைக்கும் பழக்கம். பக்கவாட்டிலிருந்து போடப்பட்டுத் தவறும் பந்து பெரும்பாலும் எதிர்ப் பக்கத்தில் விழும் என்பதால் பலர் பந்தைப் பார்த்துக்கொண்டே அங்கே ஓடுவார்கள். நீங்கள் முதலில் ஆளைப் பார்ப்பீர்கள். அப்படிச் செய்யும்போது பல நேரம் பந்து உங்களுக்கு வராமல் பின்னால் நின்ற வேடின் கையில் விழும். கணக்கில் ரீபவுண்ட் அவருடையதாகும். 4,807-ஐத் தாண்டிய எண்ணுக்குப் பின்னால், உங்கள் பெயரில் எழுதப்படாத இத்தகைய ரீபவுண்டுகள் எத்தனை இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி எதிராளியைத் தள்ளிவைக்கும் பாக்ஸ் அவுட், ஸ்கிரீனால் விளைந்த கூடை, பாய்ந்து வருபவர் முன் உடலை வைத்து வாங்கிய சார்ஜ் என்ற தவறு போன்றவற்றை எண்ணி வெளியிடும் வழக்கத்தை என்பிஏ 2016 வாக்கில்தான் தொடங்கியது. நீங்கள் ஆடிய 879 ஆட்டங்களில் 800-க்கும் மேற்பட்டவை அதற்கு முந்தைய 13 பருவங்களில் முடிந்திருந்தன. உங்கள் உழைப்பை அளக்கும் கோல் வந்து சேர்ந்தபோது நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

2006 இறுதித் தொடரை நான் வேறு எதையும்விட உயரத்தில் வைப்பேன். டல்லாஸ் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றிருந்தது. அந்த அணியின் டிர்க் நோவிட்ஸ்கி ஏழடி உயரம், பின்னால் சாய்ந்தபடி அவர் போடும் பந்தை எட்டிப் பறிக்க யாராலும் முடியாது. உங்களைவிட நான்கு அங்குலம் உயரமானவரைத் தடுக்க உங்களுக்குத் தரப்பட்ட வழி, அவர் பந்தைப் போடும்போது தடுப்பதைவிட அவர் பந்தைப் பெறும் இடத்தைக் கெடுப்பது. விரும்பிய இடத்திலிருந்து இரண்டடி தள்ளிப் பந்தைப் பெற வைத்தால், அதே ஷாட் இரண்டடி தூரமாகிறது. முழங்கையின் கீழ் உங்கள் தோள் ஒட்டியிருந்தால் திரும்பும் கோணம் மாறுகிறது. அந்தத் தொடர் முழுவதிலும் அவர் போட்ட பந்துகளில் 40 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடைக்குள் விழுந்தன. நீங்கள் தனியாக அதைச் செய்யவில்லை, சக ஆட்டக்காரர் ஜேம்ஸ் போசிக்கும் பங்கு உண்டு. ஆனால் மயாமி 95-92 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றிய ஆறாவது ஆட்டத்தில், தடுப்பாட்டத்தோடு சேர்த்து 17 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் எடுத்தவர் நீங்கள். வேட் அன்று 36 புள்ளிகள் எடுத்ததால் அந்த 17 யாருக்கும் நினைவில்லை. மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஓர் ஆட்டத்தில் அதை மறப்பது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

2011 இறுதித் தொடரில் அதே நோவிட்ஸ்கி மீண்டும் வந்தார். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அவரைக் காத்தவர் பாஷ். நோவிட்ஸ்கி அவரைக் கடந்து போய் வென்றார். மூன்றாவது ஆட்டத்தின் கடைசிப் பந்தில் அவர் எதிரே நீங்கள் நின்றீர்கள். அவருடைய ஷாட் தவறியது, மயாமி 88-86 என்று வென்றது. தொடரை மயாமி இழந்துவிட்டதால் இந்த ஒப்பீட்டை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பருவத்தில் இடது காலில் ஏற்பட்ட கடுமையான காயத்தால் 13 ஆட்டங்கள்தான் ஆடியிருந்தீர்கள், பருவத்துக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றுகளான பிளேஆஃபின் நடுவில்தான் திரும்பியிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2010-இல் டல்லாஸும் டென்வரும் தரத் தயாராக இருந்ததாகச் சொல்லப்பட்ட சுமார் 3.4 கோடி டாலரை விட்டுவிட்டு, மயாமியில் ஐந்தாண்டுக்கு 2 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டது அனைவரும் அறிந்ததே. உங்களுக்கு இடம் கிடைக்கும்படி வேடும் லெப்ரான் ஜேம்ஸும் பாஷும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொன்னால்தான் கதை முழுமையாகும். மூன்று பெரும் ஆட்டக்காரர்கள் ஒருவருக்காகப் பணத்தை விடுவது அவருடைய நல்ல மனதுக்காக அல்ல. அவர் இல்லாமல் தங்களால் வெல்ல முடியாது என்ற கணக்குக்காக. 2012 அரையிறுதிக்கு முந்தைய தொடரில், இண்டியானாவின் அரங்கில், கண்ணுக்கு மேலே கிழிந்த இடத்தில் கட்டுடன் நீங்கள் கடைசிக் கால்பகுதியில் போட்ட ஜம்ப் ஷாட்டுகள் அந்தக் கணக்கு சரி என்று காட்டின. அடுத்த ஆட்டத்தில் இண்டியானாவின் டைலர் ஹான்ஸ்பரோவுக்கு நீங்கள் கொடுத்த அடியை நான் ஆதரிக்க மாட்டேன். அதற்காக ஓர் ஆட்டம் தடை பெற்றீர்கள், அது சரியான தண்டனை. உங்களைப் புகழ்கிறவர்கள் அதையும் வீரத்தின் கணக்கில் சேர்க்கிறார்கள். அணிக்கு ஓர் ஆட்டம் உங்கள் ரீபவுண்டுகள் இல்லாமல் போயிற்று என்பதுதான் நான் பார்க்கும் கணக்கு.

கடைசி ஏழு பருவங்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு அணிக்கு 15 முழு ஒப்பந்த இடங்கள்தான் உண்டு. அதில் ஒன்றை, ஆண்டுக்குச் சில ஆட்டங்கள் மட்டும் ஆடும் ஒருவருக்கு ஒதுக்குவது சரியா என்று கேட்டவர்கள் விஷமிகள் அல்லர். 2020-21 பருவத்தில் நீங்கள் ஆடிய ஒரே ஆட்டம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரானது. மூன்று நிமிடத்துக்குள் 4 புள்ளிகள் எடுத்து, டுவைட் ஹோவர்டுடன் மோதி வெளியேற்றப்பட்டீர்கள். ரசிகர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனாலும் அந்த இடத்தைப் பயிற்சியாளர் பதவியாக மாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு. மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன்: 2023-இல் எட்டாம் இடத்திலிருந்து இறுதித் தொடர் வரை வந்த அணியில் மாக்ஸ் ஸ்ட்ரூஸ், கேப் வின்சென்ட், கேலப் மார்ட்டின், டங்கன் ராபின்சன் என்று டிராஃப்டில் தேர்வாகாதவர்களே நிறைந்திருந்தார்கள். தேர்வாகாதவர் எப்படித் தொழில் கற்பது என்பதற்குப் பக்கத்து நாற்காலியிலேயே விடை உட்கார்ந்திருந்தது அவர்களுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் 43 வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது சில நொடிகள் களமிறங்கி, இறுதித் தொடரில் ஆடியவர்களில் மிக மூத்தவரானீர்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, அதற்கு இரு மாதம் முன்பு ஆர்லாண்டோவுக்கு எதிராக, உங்கள் கடைசி வழக்கமான பருவ ஆட்டத்தில் நீங்கள் எடுத்த 24 புள்ளிகள். கை மறந்துவிடவில்லை.

ஓய்வுக்குப் பின் 2023-இல் அதே அணியில் கூடைப்பந்து வளர்ச்சிக்கான துணைத் தலைவர் பதவியை ஏற்றீர்கள். என் வேண்டுகோள் சிறியது. புதிதாக வரும் ஃபார்வர்டுகளிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை எடுத்து, 2006 ஆறாவது ஆட்டத்தின் காணொளியை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்: நோவிட்ஸ்கி எங்கே நிற்க விரும்பினார், நீங்கள் அவரை எங்கே நிற்க வைத்தீர்கள், பந்து கிளம்பியபோது உங்கள் கால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, வேடிடமிருந்து பந்து வருவதற்கு முன்பே உங்கள் கைகள் எந்த உயரத்தில் தயாராக இருந்தன என்று. முடிந்தால் அதைப் பொதுவிலும் ஒருமுறை செய்யுங்கள். மூன்று கோப்பைகளைப் பற்றி நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒரு பாக்ஸ் அவுட்டைப் பற்றி நீங்கள் அரை மணி நேரம் பேசிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடனும் மதிப்புடனும்,
கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு ரசிகர்