பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தது பீரங்கி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரங்கிப்பேட்டைப் போரைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1781 ஜூலை 1, மைசூரின் ஹைதர் அலி, இங்கிலீஷ் தளபதி அயர் கூட் என்று தேதியும் பெயர்களும் சரியாகவே இருந்தன. ஆனால் இங்கிலீஷ்காரர்களின் பீரங்கிக்கு முன்னால் மைசூர்க் குதிரைப்படை நிற்க முடியாமல் சிதறிவிட்டது என்று காரணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பக்கம் வெயிலில் நடந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் பீரங்கி விஷயம். இந்தப் போருக்குப் பத்து மாதம் முன்னால், 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் இதே இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஒரு பிரிவு பெய்லியின் தலைமையில் ஹைதரிடமும் திப்புவிடமும் சிக்கி முழுசாக அழிந்தது. அவர்களிடமும் பீரங்கி இருந்தது, சிப்பாய்களுக்குப் பயிற்சியும் இருந்தது, இருந்தும் தப்பவில்லை. ஹைதரும் வாளை மட்டும் நம்பி வந்தவர் இல்லை. பீரங்கி, ராக்கெட், பிரெஞ்சுக்காரர்கள் பழக்கிய ஆட்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. அப்படியிருக்க, பத்து மாதத்தில் என்ன மாறியது?

மாறியது இடம். கூட்டின் நிலைமை அப்போது படுமோசம். ஜூன் 18 அன்று சிதம்பரம் கோயிலைத் தாக்கிப் பார்த்தார். நடராசர் கோயில் அந்தக் காலத்தில் ஹைதரின் ஆட்கள் உட்கார்ந்திருந்த கோட்டை என்பது சிதம்பரத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. அங்கே நன்றாக அடி வாங்கிக்கொண்டு வெள்ளாற்றைத் தாண்டிப் பரங்கிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். பீரங்கி இழுக்கப் போதிய மாடு இல்லை, பேருக்குக்கூட நல்ல குதிரைப்படை இல்லை, அரிசி கப்பலில் வந்தால்தான் உண்டு. சேதி கேட்ட ஹைதர் திருச்சிப் பக்கமிருந்து சுமார் 100 மைலை இரண்டரை நாளில் கடந்து வந்து, கூட்டுக்கும் கடலூருக்கும் நடுவில், முட்லூர்ப் பக்கம் பாதையை மறித்து உட்கார்ந்துவிட்டார். இத்தனைக்கும் வயது அறுபதை ஒட்டி. குதிரைப்படை என்றால் என்ன என்பதற்கு அந்த இரண்டரை நாள் ஒன்றே போதும். நாமோ பழைய வண்டியைப் பார்த்தால் ஹைதர் காலத்து வண்டி என்று கிண்டல் செய்வதோடு சரி!

வந்த பிறகு அவர் செய்ததுதான் புரியவில்லை. அதுவரை அவருடைய பாணியே வேறு. எதிரியைச் சுற்றிச் சுற்றி வருவது, ஊர்களை எரித்துத் தீனி கிடைக்காமல் செய்வது (பாவம், அதில் செத்தது நம் குடியானவர்கள்தான்), படை நீளமாகப் பிரிந்து நடக்கும்போது பாய்வது. பரங்கிப்பேட்டையில் அதையெல்லாம் விட்டுவிட்டு, பள்ளம் தோண்டி, மண்மேடு எழுப்பி, பீரங்கியைப் பாதையைப் பார்த்து வைத்து, கூட் நேராக வந்து முட்டட்டும் என்று காத்திருந்தார். குதிரை ஓடுவதற்கு, பள்ளத்துக்குப் பின்னால் நிற்பதற்கா?

இப்போது அந்த நிலத்துக்கு வருகிறேன். பரங்கிப்பேட்டையிலிருந்து வடக்கே சாமியார்பேட்டை வரை கடலை ஒட்டியே போய்ப் பாருங்கள். கடலுக்கும் உள்நிலத்துக்கும் நடுவே மணல்மேடு. மணல் இடம் மாறும், 2004 சுனாமி வேறு புரட்டிப் போட்டது, ஆகையால் இன்று நிற்கிற இதே மேட்டில்தான் சண்டை நடந்தது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் நிலத்தின் அமைப்பு அதேதான். மேற்கே தாழ்வில் நின்றால் அலைச் சத்தம் காதில் கேட்கிறது, கடல் கண்ணில் படவே இல்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டி மேட்டில் ஏறினேன், வைத்த கால் கணுக்காலுக்கு மேல் புதைந்தது. உச்சிக்கு வந்த பிறகுதான் கீழே கரையோரமாக நாலு ஆட்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்ததே தெரிந்தது. அவ்வளவு நேரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறார்கள். விறகு கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இங்கேதான் ஹைதர் சண்டை நடந்தது என்று ஆரம்பித்தேன். "இந்த மணல்ல மாடே முக்கும், குதிரை எங்க தம்பி ஓடும்?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று நடந்ததும் ஏறக்குறைய அதுதான். கூட் காலையில் கிளம்பி, ஹைதரின் வரிசையைப் பார்த்தார். நேராகப் போனால் சாவுதான். படையை வலப்பக்கம், அதாவது கடல் பக்கம் ஒதுக்கி, மணல்மேட்டை மறைவாக வைத்துக்கொண்டு வடக்கே நகர்ந்தார். மேட்டுக்கு நடுவே ஒரு பாதை அகப்பட்டது. அது ஹைதரின் ஆட்களே பீரங்கி கொண்டுபோகச் செப்பனிட்ட பாதை என்று எழுதியிருக்கிறார்கள். தன் ஆள் போட்ட பாதையில் எதிரி வந்தால் யாரை நோவது! மன்றோவின் தலைமையில் முதல் வரிசை அந்த வழியாக மேற்கே இறங்கி ஹைதரின் இடப்பக்கத்தில் போய் முட்டியது. பள்ளமும் பீரங்கியும் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தன. ஸ்டூவர்ட்டின் இரண்டாம் வரிசை மேட்டைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. ஹைதர் அந்த மேட்டைத் திரும்பத் திரும்பத் தாக்கச் சொன்னார், குதிரைகளும் வந்தன. கரைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சிறு கம்பெனிக் கப்பல் பக்கவாட்டிலிருந்து சுட்டது. ஹைதரின் மைத்துனர் மீர் அலி ராசா கான் அன்று பட்ட அடியில்தான் இறந்தார்.

ஆக, பீரங்கிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மணலும் கடலும் தன் இடப்பக்கத்துக்கு மதில் என்று ஹைதர் நினைத்துவிட்டார், எதிரி அதையே வாசலாக்கிக்கொண்டான் என்கிறேன். மேட்டின் மேற்கே பத்து நிமிஷம் நின்று பார்த்தால் இது யாருக்கும் புரியும். வரைபடத்தில் மணல்மேடு வெறும் புள்ளிகளாகத்தான் இருக்கும், அதன் உயரம் தெரியாது.

கடல் ஹைதரைக் கைவிட்டது அதுதான் முதல் தடவை என்றும் சொல்ல முடியாது. அதே வருஷம் பிப்ரவரியில் கூட் கடலூரில் சோற்றுக்கு வழியில்லாமல் கிடந்தபோது, பிரெஞ்சுக் கப்பற்படை எதிரிலேயே நின்றது. தளபதி டோர்வ் இன்னும் சில நாள் இருந்து கடல்வழி அரிசியைத் தடுத்திருந்தால் கூட்டின் கதை கடலூரிலேயே முடிந்திருக்கும். ஹைதர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தும் அந்த மனுஷன் பாய் விரித்துப் போய்விட்டார். புதுச்சேரி வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கரையில் கோட்டைவிட்ட சந்தர்ப்பங்களில் இதற்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

இன்னொன்று. ஹைதர் தரப்பில் 10,000 பேர் மாண்டார்கள் என்று போட்டிருக்கிறீர்கள். அது ஜெயித்தவர்கள் சொன்ன கணக்கு. ஹைதரின் படை எத்தனை என்பதற்கே 40,000 முதல் 80,000 வரை ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள், கூட்டிடம் இருந்தது 8,500 பேர் போல. துரத்தக் குதிரையும் இல்லாமல், பீரங்கி இழுக்க மாடும் போதாமல் நின்ற கூட்டின் கண்ணெதிரே ஹைதர் தன் பீரங்கிகளைப் பெரும்பாலும் பத்திரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 27 அன்று, பொள்ளிலூரில் மறுபடியும் கூட்டை எதிர்த்து நின்றார். 10,000 பேரைப் பறிகொடுத்தவன் செய்கிற காரியமா இது? அடுத்த முறை போடும்போது 'இங்கிலீஷ்காரர்கள் கணக்குப்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் நடந்த பக்கம் எங்கேயும் இந்தப் போரைச் சொல்கிற ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. மேட்டைச் சுரண்டி எடுத்த தடம் மட்டும் சில இடங்களில் புதிதாகவே தெரிந்தது. கல்வெட்டோ கோட்டைச் சுவரோ இருந்தால் தொல்லியல் என்று யாராவது வருவார்கள், மணலுக்கு யார் வருவார்? இந்தப் போருக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்த மேடுதான், அதுவும் போனால் கூட் எப்படி மறைந்து நகர்ந்தார் என்பதை யாருக்கும் காட்ட முடியாது. கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் போர்க்களத்தின் படம் ஒன்றைப் பெரிதாக வைக்கலாம், பெரிய செலவில்லை. நீங்களும் கட்டுரையோடு ஒரு வரைபடம் போட்டிருக்கலாம். கையால் போட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் கடலூர்-சிதம்பரம் பஸ்ஸில் ஏறி பு.முட்லூரில் இறங்கினால் அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்கு வண்டி கிடைக்கும். ஜூலையில் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்த மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்