ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டரைத் துடைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. தீபாவளிக்கு அடுத்து எங்கள் திருப்பூரில் பெரிய நாள் இதுதான். பனியன் கம்பெனியில் இருந்து மாவு மில் வரை எல்லா மெஷினையும் ஊதி, துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்போம். அதே வேகத்தில் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்துவிடுகிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. தையல் மெஷினுக்குச் செய்வதைக் கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடாது என்பதை நான் போன வருடம் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இன்னொரு வீட்டில் அது நடக்க வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டு முன்பக்கத்தில் இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக் என்று பனியன் தைக்கிற மெஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறோம். மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், அவளுக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் அடுத்த அறையில் இருக்கிறது, நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலை மட்டும்தான். கொஞ்ச நாளாகவே அதை அரை மணி நேரம் ஓட்டினால் போதும், உள்ளே ஃபேன் இரையத் தொடங்கும், அப்புறம் தானாகவே அணைந்துபோகும். பூஜைக்கு முதல் நாள், மெஷின்களை ஊதுவதற்காகப் பக்கத்து கம்பெனி கம்ப்ரசரில் இருந்து ஓஸ் இழுத்திருந்தோம், அதையே கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் பிடித்தேன். பஞ்சு புகை மாதிரி கிளம்பி வந்தது. ஃபேன் விசில் அடித்துக்கொண்டு சுழன்றது. எவ்வளவு அழுக்கு போகிறது என்று மனசுக்கு நிறைவாக இருந்தது. சாயங்காலம் மகள் ஸ்விட்சைப் போட்டாள், ஒரு பீப் சத்தம்கூட வரவில்லை. எல்லா பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டு போய்விட்டது. மாற்ற 5,800 ரூபாய் ஆனது, அவளுடைய பிராஜெக்ட் ஃபைல் இருந்த ஹார்ட் டிஸ்க் தப்பித்ததே பெரிய விஷயம்.

ரிப்பேர் பார்த்த தம்பி போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். ஃபேனுக்குக் கீழே நீர்த்துளி காய்ந்த வெள்ளைத் தடம். "அக்கா, காத்தோட தண்ணியும் சேர்ந்து வந்திருக்கு" என்றான். கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது காற்றில் இருக்கும் ஈரம் தொட்டியில் தண்ணீராகத் தங்கும். தினமும் காலையில் கம்பெனியில் தொட்டிக்கு அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த ஈரம் ஓஸ் வழியாகவும் வரும் என்று யோசிக்கவே இல்லை. கூடவே கம்ப்ரசரின் எண்ணெயும் கொஞ்சம் வரும். ஓவர்லாக் மெஷினுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் மதர்போர்டில் கம்பிகள் தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகளாக ஓடுகின்றன, அங்கே ஒரு துளி போதும். பஞ்சர் கடை காற்றுக்கும் இதேதான். டயருக்குக் காற்று அடிக்கிற அழுத்தம் ஃபேன் இறக்கையை உடைக்கும், சின்னச் சின்ன பாகங்களைப் பெயர்த்துவிடும்.

தூசி என்ன செய்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் சிப் மேல் அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு பாகம் இருக்கும், ஹீட் சிங்க் என்பார்கள், அதன் மேல் ஒரு ஃபேன். சூடு தகடுகளுக்கு ஏறும், ஃபேன் காற்று அதை அடித்துக்கொண்டு போகும். மற்ற வீடுகளில் மண், முடி, துணி நூல் எல்லாம் கலந்த தூசி சேரும். எங்கள் ஊரில் பஞ்சு இழை. அது தகடுகளுக்கு நடுவே படுத்து, ஒன்றோடு ஒன்று பின்னி, கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும். மேலே ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று கீழே இறங்காது. சூடு சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பெரும்பாலான பிராசசர்கள் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். எரிந்துபோகாமல் இருக்க அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழி அது. இது தெரியாமல் நாம் என்ன செய்கிறோம்? ஸ்லோவாகிவிட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்கிறோம். பணமும் போகும், ஃபைலும் போகும், பஞ்சு மட்டும் அப்படியே இருக்கும்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? அந்தத் தம்பி சொல்லிக்கொடுத்து, இந்த ஒரு வருடத்தில் நானும் மகளும் நான்கு முறை செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் கரண்ட். கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்ய வேண்டும். சுவரில் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் பாதிப் பேர் யு.பி.எஸ். வைத்திருக்கிறோம், சுவரில் அணைத்தாலும் அது பேட்டரியில் இருந்து கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் ஒயரையே கழற்றிவிடுங்கள். மற்ற ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. எல்லாம் கழற்றிய பிறகு பவர் பட்டனை ஒரு பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் பெட்டியை வாசலுக்கோ மாடிக்கோ தூக்கிப் போங்கள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் கட்டாமல் ஆரம்பிக்க வேண்டாம், பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து மூடியைத் திறந்ததும் கையை உடனே உள்ளே விடாதீர்கள். பெயின்ட் அடிக்காத ஒரு இரும்புப் பகுதியை, அந்தப் பெட்டியின் சட்டத்தையே தொடுங்கள், வேலை நடுவிலும் அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் துணியை உருவும்போது விரலில் சுரீரென்று அடிக்குமே, அந்த நிலைமின்சாரம்தான் காரணம். நமக்கு அந்தச் சுரீர் தெரிவதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும், சிப்புகள் கெட்டுப்போக அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போதும். நாம் உணராமலேயே ராம் (RAM) என்கிற மெமரிப் பலகையைக் கொன்றுவிடலாம். வாக்யூம் கிளீனரை உள்ளே விடக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம், பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தூசி உரசிக்கொண்டு ஓடும்போது குழாயின் நுனியில் அந்த மின்சாரம் ஏறிக்கொண்டே போகும். கீழே உதிர்ந்த தூசியை எடுக்க வாக்யூம் வையுங்கள், போர்டுக்கு வேண்டாம்.

புதிதாக வாங்கிய, மயிர் மெத்தென்று இருக்கும் ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ் போதும். தகடுகளுக்கு நடுவில் இருக்கும் பஞ்சை மெதுவாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஊதுங்கள். இப்போது கையில் பிடிக்கும் சின்ன புளோயர்கள் கிடைக்கின்றன, அதை ஒரு சாண் தூரத்தில் வைத்து விட்டுவிட்டு ஊதினால் போதும், அடுப்பு ஊதுவது மாதிரி தொடர்ந்து ஊதத் தேவையில்லை. டப்பாவில் அடைத்து விற்கும் ஸ்பிரே காற்று வைத்திருப்பவர்கள் டப்பாவை நேராகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் குளிர்ந்த திரவமாக வந்து விழும். அதில் பல வகைகள் தீப்பிடிக்கும் வாயு, அதனால் கரண்ட் ஓடும்போது அடிக்கவே கூடாது.

ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலாலோ பென்சிலாலோ பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குப் போன வருடம் கேட்ட விசில் சத்தம் ஞாபகம் இருக்கிறதா, அது ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றிய சத்தம். பேரிங் தேய்ந்துபோகும். அதுமட்டும் இல்லை, சைக்கிள் டைனமோ மாதிரி, சுற்றிவிட்ட மோட்டார் மின்சாரத்தை உற்பத்தி செய்து போர்டுக்குத் திருப்பி அனுப்பும். சுத்தம் செய்த பிறகும் ஃபேன் கரகரவென்று கத்தினால் வேறு ஃபேன் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். அதில் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் எங்கள் தெருவில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், இரண்டே மாதத்தில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து களியாகிவிடும்.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டியின் மூலையில், கரண்ட் ஒயர் செருகும் இடத்தில், உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு தனி இரும்புப் பெட்டி இருக்கும். அதன் திருகில் கை வைக்காதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அதற்குள் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாறி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டரில் நிற்கிறது, ஒயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். வெளியில் இருந்து சல்லடைத் துவாரம் வழியாக ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே பல்லி செத்துக் கிடந்தால், எறும்பு புற்று வைத்திருந்தால், நாமே கிளற வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம். குழந்தைகள் யூடியூப் பார்த்துவிட்டுத் திறக்கிறேன் என்றால் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

ஹீட் சிங்கைக் கழற்றவும் தேவையில்லை. கழற்றினால் அடியில் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருக்கும் பழைய பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வைத்துத்தான் திரும்பப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். ராமை எடுத்து ரப்பரால் தேய்ப்பது பல கடைகளிலேயே நடக்கிறது. அதன் தங்க முலாம் மிக மெல்லியது, ரப்பர் துகளும் சந்தில் தங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிசிறு வராத துணியில் நனைத்து லேசாகத் துடைத்துக் காயவிட்டால் போதும். தண்ணீர், ஈரத்துணி, கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே எதுவும் உள்ளே போகக்கூடாது. முன்பக்கத்தில் வலை மாதிரி கழற்றி எடுக்கிற ஃபில்டர் இருந்தால் அதை மட்டும் கழுவலாம், முழுசாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

மூடியைப் பூட்டும் முன் ஏதாவது ஒயர் ஃபேன் இறக்கையில் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டினால் வருகிற பயாஸ் திரையில் பிராசசர் சூடு எத்தனை டிகிரி என்று பல போர்டுகளில் காட்டும். முதல் தடவை நாங்கள் பிரஷ் போடுவதற்கு முன் 74 டிகிரி இருந்தது, போட்ட பிறகு 43. அந்த எண்ணைப் பார்த்து என் மகள் கைதட்டினாள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் இன்னமும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அடியில் காற்றுத் துவாரம் அடைபடும், ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம், ஒயரைப் பிடுங்கி அணைத்துவிட்டுத் துவாரம் வழியாக விட்டுவிட்டு ஊதினாலே நிறையத் தூசி போகும். பேட்டரி உப்பியிருந்தால் எதையும் செய்யாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பூஜை பற்றியும் சொல்லிவிடுகிறேன், யார் மனதும் நோகக் கூடாது. நானும் பக்தியோடு செய்கிறவள்தான். ஆனால் ஓடுகிற கம்ப்யூட்டரின் முன்னால் சாம்பிராணி காட்டினால், ஃபேன் அந்தப் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது பிசுபிசுவென்று ஒட்டி அடுத்து வருகிற தூசியைப் பிடித்துவைக்கும். கொசுவர்த்தியும் அடுப்படித் தாளிப்பும் இதையேதான் செய்கின்றன. அணைத்துவிட்டு தீபம் காட்டுங்கள். சந்தனத்தை காற்றுத் துவாரத்தின் மேல் வைக்காமல் வெறும் தகட்டில் வைக்கலாம், திருநீற்றை உள்ளே தூவ வேண்டாம். வேலை முடிந்த கையோடு பழைய சேலையால் மூடி வைக்கிறோமே, அதுவும் சூடு ஆறிய பிறகுதான். பெட்டியைத் தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில் ஸ்டூல் மேல் வைத்தாலே சேருகிற பஞ்சு பெருமளவு குறைந்துவிடுகிறது. எங்கள் மாதிரி மெஷின் ஓடுகிற வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்ற வீடுகளில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையும் சுத்தம் செய்தால் போதும்.

ஆசிரியர் அவர்களே, ஒவ்வொரு வருடமும் பூஜை வாரத்தில் பொரி, பூ விலையையும் வாழைக்கன்று விலையையும் தவறாமல் போடுகிறீர்கள். அதே பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். யு.பி.எஸ்.ஸில் இருந்து கழற்று, கம்ப்ரசர் வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதே, ஃபேனைப் பிடித்துக்கொள் என்று நான்கு வரி படத்தோடு போட்டால் போதும். முதல் நாள் சாயங்காலம்தான் எல்லோரும் ஓஸைக் கையில் எடுப்பார்கள், அதனால் அதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
15 வேலம்பாளையம், திருப்பூர்.