அந்த வரைபடத்தை எங்களுக்கும் காட்டுங்கள்

நகர நிர்வாகங்களிலும் பேரிடர் மேலாண்மை அமைப்புகளிலும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

போன மாதம் நடந்த அனுபவப் பகிர்வுக் கூட்டத்துக்குக் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் என்னையும் அழைத்திருந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. பல நகரங்களிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் ஒரு பொறியாளர் எழுந்து, எங்கள் நகரத்தின் வெள்ள அபாய வரைபடத்தைத் திரையில் போட்டார். அருமையான வேலை. எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று நிறம் பிரித்துக் காட்டியிருந்தார்கள். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் தெரு கண்ணில் பட்டது. அடர் நீலம். ஓரத்தில் இருந்த குறிப்பைப் பார்த்தேன். அடர் நீலம் என்றால் நான்கு அடிக்கு மேல். கீழ் மூலையில் வரைபடம் தயாரான ஆண்டும் இருந்தது. எங்கள் தெருவில் வெள்ளம் புகுந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில், இதே வரைபடத்தைக் கேட்டு எங்கள் சங்கம் எழுதியிருந்தது. 'அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும். பொதுவெளியில் பகிர இயலாது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்களோடு பகிர முடியாத ஒன்றை, வேறு நகரங்களிலிருந்து வந்தவர்களோடு அன்று பகிர்ந்துகொண்டிருந்தீர்கள்.

அந்த வெள்ளத்தின் சேதக் கணக்கு உங்களிடம் இருக்கும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வயதான தம்பதி குடியிருக்கிறார்கள். கணவருக்குப் பக்கவாதம், தானாக எழுந்து நடக்க முடியாது. அன்று இரவு இரண்டு மணிவாக்கில் அந்த அம்மா தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறார். காலில் ஈரம் பட்டது. குளியலறைக் குழாயை மூட மறந்துவிட்டோம் போல என்று நினைத்து, பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துப் பிழிந்து, துடைத்துப் பிழிந்து, இருபது நிமிடம் போயிருக்கிறது. அப்புறம்தான் தண்ணீர் குழாயிலிருந்து வரவில்லை, குளியலறைத் தரையிலுள்ள வடிகால் துளை வழியாக மேலே பொங்கி வருகிறது என்று புரிந்திருக்கிறது. அதற்குள் மின்சாரமும் போய்விட்டது. கட்டில் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வைத்து, அதில் கணவரை எப்படியோ உட்காரவைத்து, அவர் சரிந்து விழாமல் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி விடியும்வரை கட்டில் மேலேயே நின்றிருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார், மழைச் சத்தத்தில் மாடியில் இருந்த எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் மழை பெய்தால் கணவர் இப்போதும் படுக்க மறுக்கிறார். உட்கார்ந்தே இருக்கிறார்.

"தண்ணி வரும்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கு ராத்திரி மாடியில படுத்திருப்போமே" என்று அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது. அன்று மாலை கனமழை எச்சரிக்கை எல்லோர் கைபேசிக்கும் வந்தது உண்மை. அது ஊர் முழுவதற்குமான எச்சரிக்கை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அப்படிப் பத்து வருகின்றன. மழை வரும் என்பது தெரிந்தது. எங்கள் தரையில் நான்கு அடி நிற்கும் என்பது தெரியவில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். உங்களிடம் உள்ள அபாய வரைபடங்களை, தெருப் பெயர் தெரியும் அளவுக்கு, மக்கள் படிக்கும் மொழியில், அடுத்த மழைக்கு முன்பே பொதுவில் வையுங்கள்.

இதைக் கேட்கும்போதெல்லாம் சில பதில்கள் வருகின்றன. மக்கள் பீதியடைவார்கள் என்பது முதல் பதில். இரவு இரண்டு மணிக்கு இருட்டில், இடுப்பளவுத் தண்ணீரில் வருவதுதான் பீதி. பகலில், காய்ந்த தரையில் நின்றுகொண்டு ஒரு வரைபடத்தைப் பார்ப்பவர்கள் யோசிக்கத்தான் செய்வார்கள். ஜப்பானில் அனெயோஷி என்ற சிற்றூரில் ஒரு கல் நிற்கிறது. 1933 சுனாமிக்குப் பிறகு நட்டது. இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் பீதியடையவில்லை. மேலே வீடு கட்டிக்கொண்டார்கள். 2011-ல் கடல் ஏறி வந்து அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

இரண்டாவது பதில், நிலத்தின் மதிப்பு விழுந்துவிடும் என்பது. விழட்டும் என்று நான் லேசாகச் சொல்ல மாட்டேன். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவர்களின் கவலை நியாயமானது. ஆனால் மறைத்து வைத்தால் அந்த நட்டம் மறைவதில்லை, அடுத்து விவரம் தெரியாமல் வருபவர் தலையில் இறங்குகிறது. பெரும்பாலும் அவர் வாடகைக்கு வருபவர். 2020 ஆகஸ்ட் முதல் ஜப்பானில், வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும், வெள்ள அபாய வரைபடத்தில் அந்த வீடு எங்கே இருக்கிறது என்று முகவர் ஒப்பந்தத்துக்கு முன்பே காட்டியாக வேண்டும். அங்கும் நிலத்துக்கு விலை உண்டு, அங்கும் வீட்டுத் தரகு உண்டு. செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது பதிலைத்தான் நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது பொறியாளர்களிடமிருந்து வருகிறது. கணிப்பு தவறலாம், தவறினால் மக்கள் எங்களைக் குற்றம் சொல்வார்கள் என்கிறார்கள். உண்மை, தவறலாம். 2011 மார்ச் 11 அன்று, அதே சுனாமியில், ஜப்பானின் கமாய்ஷி நகரில் அதுதான் நடந்தது. அங்கே உனோசுமாய் பகுதியின் தொடக்கப்பள்ளியும் நடுநிலைப்பள்ளியும் வரைபடத்தின்படி சுனாமி எட்டாத இடத்தில் இருந்தன. வரைபடம் பொய்த்தது, பள்ளிகள் மூழ்கின. பிள்ளைகள் அப்போது அங்கே இல்லை. முன்பே குறித்து வைத்திருந்த இடத்துக்கு ஓடி, அதுவும் போதாது என்று கண்டு, இன்னும் மேலே ஓடியிருந்தார்கள். பேராசிரியர் கதாதா தோஷிதகா அந்த நகரத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, கணிப்பை நம்பி நின்றுவிடாதீர்கள் என்பதுதான். வரைபடத்தையும் காட்டினார்கள், அது எங்கே பொய்க்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். நகரத்தின் தொடக்க, நடுநிலைப்பள்ளி மாணவர்கள் சுமார் 3,000 பேரில் ஏறக்குறைய அனைவரும் பிழைத்தார்கள்.

அதே உனோசுமாயில் இன்னொன்றும் நடந்தது. பேரிடர் தடுப்பு மையம் என்று பெயர் எழுதிய ஒரு கட்டடத்துக்கு ஓடியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அது சுனாமிக்கான புகலிடமே கிடையாது. ஆனால் வசதிக்காக ஒத்திகைகளை அங்கே நடத்திப் பழக்கியிருந்தார்கள், அந்த வித்தியாசம் மக்கள் மனதில் பதியவே இல்லை. ஒரே பகுதி, ஒரே அலை. தவறுகிற அறிவையும் முழுதாகப் பகிர்ந்த இடத்தில் உயிர்கள் தப்பின. அரைகுறையாகப் போய்ச் சேர்ந்த இடத்தில் போயின. அந்த நகரம் இதையும் விசாரித்து வெளியே வைத்தது. அதனால்தான் என்னைப் போன்ற ஒருவரால் இதை இங்கே எழுத முடிகிறது.

நகரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்தார்கள். 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து வெளியிட்டது. அதைப் பார்த்துப் பல நகரங்கள் தங்களுக்கும் எழுதிக்கொண்டன. 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த ஆண்டே பெருமழைத் திட்டம் தயாரானது. பின்னர் நியூயார்க் அதிலிருந்து கற்றுக்கொண்டது. இவை எல்லாம் நடந்தது, முதலில் அந்தத் திட்டங்கள் யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து கிடந்ததால். பேரிடர் அபாயத்தைக் குறைக்க உலக நாடுகள் சேர்ந்து ஏற்றதும், நீங்கள் அனைவரும் மேற்கோள் காட்டுவதுமான செண்டாய் செயற்சட்டகமும் இதைத்தான் கேட்கிறது. 2015-ல் ஏற்கப்பட்ட அதன் ஏழாவது இலக்கு, முன்னெச்சரிக்கையும் பேரிடர் அபாயத் தகவலும் 2030-க்குள் மக்களுக்குக் கிடைப்பதைப் பெருமளவு கூட்டுவது. மக்களுக்கு என்றே அதில் எழுதியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று திரையில் பார்த்த வரைபடத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வருவதாக அம்புக்குறி போட்டிருந்தது. அன்று இரவு ஆற்றுநீர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மழைநீர் வடிகால் நிரம்பி, கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கி, வீடுகளுக்குள் பின்னோக்கி ஏறியது. எந்தப் பாதாளச் சாக்கடை மூடி வழியாக முதலில் தண்ணீர் பொங்கும், எந்தச் சிறுபாலத்தடியில் குப்பை அடைக்கும் என்று எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளத்தைக் கணிக்க நீங்கள் வைத்திருக்கும் கணினி மாதிரிக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். குளியலறைத் துளைக்குத் தண்ணீர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் ஒரு வால்வு போதும் என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லியிருப்பீர்கள். இரண்டு பக்கமும் பாதிப் பாதி அறிவை வைத்துக்கொண்டு நடுவில் ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். கதவின் தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கிறது.

அப்புறம், அந்த அறிவு உங்களிடமாவது நிலைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. விவரம் தெரிந்த அதிகாரிக்கு மாற்றல் வருகிறது. அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார். ஆலோசனை நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிகிறது. கணினி மாதிரி அவர்களோடு போய்விடுகிறது. வெள்ளத்துக்குப் பின் குழு அமைக்கிறீர்கள். குழு நல்ல அறிக்கையே தருகிறது. அது அலமாரிக்குள் போகிறது. அடுத்த வெள்ளத்துக்குப் பின் இன்னொரு குழு. இப்படி எத்தனை முறை ஒரே பாடத்துக்கு மக்கள் விலை கொடுப்பது?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறியாளர்களின் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வெள்ள நாட்களில் உங்கள் ஊழியர்கள் தூங்காமல் வேலை பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: வரைபடங்களைப் பொதுவில் வையுங்கள். இணையத்தில் போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு வட்டார அலுவலகச் சுவரிலும், பள்ளியிலும், மருத்துவமனை வாசலிலும் அச்சிட்டு ஒட்டுங்கள். எங்கே சரியாகத் தெரியவில்லையோ அங்கே தெரியவில்லை என்றே எழுதுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். அம்புக்குறி தப்பாக இருந்தால் நாங்கள் திருத்துகிறோம்.

கீழ்த்தளத்து அம்மாவின் வாடகை ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. இந்த வீட்டிலேயே இருக்கலாமா, வேறு இடம் பார்க்கலாமா, பார்த்தால் எந்தத் தெருவில் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். திரையில் அரை நிமிடம் பார்த்ததை வைத்து அவருக்கு நான் வழி சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்குள் அந்த வரைபடத்தை அவர் கண்ணில் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
அடர் நீலத் தெருவில் குடியிருக்கும் ஒருவர்