லீஃப்ஸ் பக்கம் சாய்ந்துவிட்ட மகளுக்கு

அன்பு மகள்,

நாங்கள் நல்ல சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு குறைந்துவிட்டது, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறா. நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போன கையோடு அந்த ஊர் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் ஆளாகிவிட்டாய். அது உன் விருப்பம். ஆனால் "என்எச்எல் தொடங்கின முதல் வருஷமே கிண்ணம் எங்களுக்குத்தான் அப்பா" என்று அந்தப் பெரிய ஹொக்கி லீக்கைப் பற்றிப் போனில் சொன்னாயே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது ரொறன்ரோதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த அணி யாருடையது, எப்படி வென்றது என்று கிண்டினால்தான் கதை வேறு மாதிரி.

இங்கே மொன்றியலில் பீல் தெருவில் வின்ட்சர் ஹொட்டேலின் மிச்சக் கட்டடத்தை உனக்குக் காட்டியிருக்கிறேன். என்எச்எல் பிறந்தது அந்த ஹொட்டேலில்தான், 1917 நவம்பர் 26. ஒரு மனிதரைக் கழற்றிவிடத்தான் அதை உண்டாக்கினார்கள். ரொறன்ரோ அணியின் முதலாளி எடி லிவிங்ஸ்ரன். அதற்கு முன்னிருந்த என்எச்ஏ லீக்கில் மற்ற முதலாளிகளோடு அவருக்கு ஓயாத சண்டை. யுத்த காலம் வேறு. அந்த லீக்கில் ஆடிய 228ஆவது இராணுவப் படைப்பிரிவின் அணி 1917 பெப்ரவரியில் போர்முனைக்குப் போனதும், மிச்ச அணிகளின் எண்ணிக்கை இரட்டையாக வர வேண்டும் என்று ரொறன்ரோவையும் நடுப் பருவத்தில் நிறுத்தி, ஆட்டக்காரரைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அப்புறமும் மனிதர் அடங்கவில்லை. லீக்கைவிட்டு அவரைத் துரத்த வழி தெரியாமல், லீக்கையே மூடிவைத்துவிட்டு அவர் இல்லாமல் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். பழைய லீக்கின் செயலாளர் ஃப்ராங்க் கால்டர் புதியதற்குத் தலைவர்.

மொன்றியல் வாண்டரர்ஸ் முதலாளி சாம் லிக்டன்ஹைன் அப்போது ஒரு பகிடி விட்டதாகச் சொல்வார்கள். "லிவிங்ஸ்ரனை நாங்கள் வெளியே போடவில்லை. அவருடைய இடம் பழைய லீக்கில் அப்படியே இருக்கிறது, ஒரே குறை அந்த லீக்கில் அவர் அணி மட்டும்தான்." இந்தப் பகிடியை மனதில் வைத்துக்கொள்.

ரொறன்ரோ நகரம் இல்லாமல் லீக் நடத்தினால் வரும்படி எங்கே? அதனால் அங்கே மியூச்சுவல் தெரு அரங்கத்தை வைத்திருந்த கம்பனியிடம் ஒரு அணியைக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர் பெரும்பாலும் லிவிங்ஸ்ரனுடையவர்கள்தான். நீ பெருமைப்படும் அணி அதுதான், பிள்ளை. ஒழுங்கான ஒரு பெயர்கூட அதற்கு இல்லை. 1927இல்தான் அது மேப்பிள் லீஃப்ஸ் ஆனது.

நியாயமாகச் சொன்னால் எங்கள் மொன்றியல் கனேடியன்ஸும் அந்த வருஷம் கடன் வாங்கித்தான் ஆடியது. கியூபெக் அணி அந்தப் பருவம் களமிறங்காததால் அதன் ஆட்கள் பிரிக்கப்பட்டு, ஜோ மலோன் எங்களிடம் வந்தார். டிசம்பர் 19, முதல் நாள் ஆட்டம், ஒட்டாவாவில் தனியாக 5 கோல். கனேடியன்ஸ் 7–4 என்று வென்றது. பருவம் முடியும்போது 20 ஆட்டத்தில் 44 கோல் அடித்திருந்தார். 1945இல் மொரீஸ் ரிஷார் 50 அடிக்கும்வரை அதை யாரும் தாண்டவில்லை. அவரும் எங்கள் ஆள்தான், சொல்லிவைக்கிறேன்.

அதே இரவு இங்கே வெஸ்ட்மவுண்ட் அரங்கத்தில் வாண்டரர்ஸும் ரொறன்ரோவும் மோதின. இராணுவ உடுப்போடு வருகிறவர்களுக்கு இலவசம் என்று அறிவித்தும் சுமார் 700 பேர்தான் வந்தார்கள். என்எச்எல் வரலாற்றின் முதல் கோல் என்று வாண்டரர்ஸின் டேவ் ரிச்சி அடித்ததைத்தான் சொல்கிறார்கள். கடைசியில் 10–9, வாண்டரர்ஸ் வெற்றி. உங்கள் ஆட்கள் ஒன்பது கோல் அடித்தும் தோற்றார்கள்.

வாண்டரர்ஸ் 1906க்கும் 1910க்கும் இடையில் ஸ்ரான்லி கிண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கின அணி. இங்கே ஆங்கிலம் பேசுகிறவர்களின் செல்லம் அது, பிரெஞ்சுக்காரருக்குக் கனேடியன்ஸ். 1917இல் அதில் நல்ல ஆட்கள் மிஞ்சவில்லை. லிக்டன்ஹைன் மற்ற அணிகளிடம் ஆள் கேட்டுக் கெஞ்சினார், ஒருவரும் அசையவில்லை. அடுத்த மூன்று ஆட்டமும் தோல்வி. 1918 ஜனவரி 2ஆம் திகதி வெஸ்ட்மவுண்ட் அரங்கம் எரிந்து போனது. கனேடியன்ஸுக்கும் அதுதான் வீடு. அவர்கள் கிழக்குப் பக்கம் ஜூபிலி என்ற சின்ன அரங்கத்துக்கு மாறிச் சமாளித்தார்கள். வாண்டரர்ஸ் அதோடு சரி. லிவிங்ஸ்ரனைப் பார்த்துச் சிரித்த மனிதருக்கு ஆறு கிழமைக்குள் தன் அணியே இல்லை. அந்த 10–9தான் என்எச்எல்லில் வாண்டரர்ஸின் ஒரே வெற்றி. எனக்கு அந்தப் பருவத்தில் பாவமாக இருப்பது இந்த அணி மேல்தான். லிக்டன்ஹைன் மேல் அவ்வளவு இல்லை.

ஜனவரி 9ஆம் திகதி நடந்தது உனக்குப் பிடிக்கும். அதுவரைக்கும் கோல்காப்பாளர் பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, நின்றுகொண்டே தடுக்க வேண்டும், வேண்டுமென்று பனியில் விழுந்தால் தண்டனை. ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட் சறுக்கி விழுந்த மாதிரி, முழங்காலில் நின்று செபம் செய்கிற மாதிரி, விதவிதமாக விழுவார். ரொறன்ரோவில் சனம் "கட்டிலையும் கொண்டுவா" என்று கத்துமாம். நடுவர் எத்தனை தரம்தான் வேண்டுமென்று விழுந்தானா, தவறி விழுந்தானா என்று பார்த்துக்கொண்டிருப்பார்? கால்டர் சட்டத்தையே எடுத்துவிட்டார். பார்க் எக்ஸ்ரென்ஷன் ஒழுங்கையில் நீ தலையணையைக் காலில் கட்டிக்கொண்டு தொப்பென்று விழுந்து கோல் காத்தாயே, அதற்கு அனுமதி கிடைத்தது அன்றைக்குத்தான்.

சரி, கிண்ணக் கதை. பருவத்தின் முதல் பாதியில் கனேடியன்ஸ் முதலிடம், இரண்டாம் பாதியில் ரொறன்ரோ. இரண்டும் மோதின இரண்டு ஆட்டத்தில் மொத்தக் கோல் கணக்கு 10–7, ரொறன்ரோ தாண்டிவிட்டது. அதற்கு நான் சாட்டுச் சொல்லமாட்டேன்.

பிறகு மேற்குக்கரை லீக்கின் வன்கூவர் அணி கிண்ணத்துக்காக மோத ரயிலேறி ரொறன்ரோவுக்கு வந்தது. ஐந்து ஆட்டமும் உங்கள் ஊரில்தான். மேற்கில் பக்கத்துக்கு ஏழு பேர், கிழக்கில் ஆறு பேர். மேற்கில் நடுப்பகுதியில் பக்கை முன்னுக்குத் தள்ளிக் கொடுக்கலாம், கிழக்கில் கூடாது. ஆகவே ஒரு நாள் இவர்கள் சட்டம், மறுநாள் அவர்கள் சட்டம். முதலாம், மூன்றாம், ஐந்தாம் ஆட்டம் கிழக்குச் சட்டத்தில், மூன்றிலும் ரொறன்ரோ. மற்ற இரண்டும் மேற்குச் சட்டத்தில், இரண்டிலும் வன்கூவர், அதில் ஒன்று 8–1. கடைசி ஆட்டம் 2–1, கோர்ப் டெனனியின் கோல். ஐந்தாவது ஆட்டம் மற்றச் சட்டத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உன் லீஃப்ஸ் கூட்டாளிகளிடம் கேட்டுப் பார்.

லிவிங்ஸ்ரன் சும்மா இருக்கவில்லை. என் ஆட்களை வைத்து உழைத்த காசு எங்கே என்று வழக்குக்கு மேல் வழக்கு. பழகுவதற்குக் கஷ்டமான மனிதராக இருந்திருக்கலாம், ஆனால் அந்த வழக்கில் நியாயம் அவர் பக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லீஃப்ஸ் இங்கே பெல் சென்ரருக்கு வருகிற ஒரு சனிக்கிழமைக்கு டிக்கெட் பார்க்கிறேன். நீல மேலுடுப்பைப் போட்டுக்கொண்டு வா, பரவாயில்லை. விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, உன்னுடையதற்கு நீதான் காசு போடவேண்டும். எந்தத் திகதி தோது என்று சொல்லு. அம்மாவுக்கும் எடுக்கட்டுமா என்று நீயே கேள், நான் கேட்டால் குளிர் என்பா.

அன்புடன்,
அப்பா