மூக்கைப் பார்த்துப் பெயர் எழுதுங்கள்

அருங்காட்சியகங்களுக்கு விளக்கப் பலகை எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் பாராசூக்கஸ் என்ற, எப்போதோ அழிந்துபோன ஊர்வனவின் உருவ மாதிரியின் முன் நின்றேன். பலகையில் "முதலைகளின் மூதாதை" என்று ஒரே வரி. பக்கத்தில் ஒரு சிறுமி "அப்பா, முதலை!" என்று கூவினாள். பலகையைப் படித்துவிட்டு அவரும் தலையாட்டினார். அவர் மேல் தப்பில்லை.

அது முதலையும் இல்லை, மூதாதையும் இல்லை. ஃபைட்டோசார் என்ற தனி ஊர்வனக் கூட்டத்தைச் சேர்ந்தது. முதலைக்கு மூக்குத்துளை முகத்தின் நுனியில் இருக்கும். சொம்புமூக்கு முதலைக்குப் பெயர் வந்ததே அந்த நுனியில் உள்ள சொம்பால்தான். ஃபைட்டோசாருக்கோ தாடை மட்டும் நீண்டுகொண்டே போகும். மூக்குத்துளைகள் பின்தங்கி, கண்ணுக்குப் பக்கத்தில், மண்டையின் மேல் மேடு கட்டி நிற்கும். ஒரு முறை விரல் வைத்துக் காட்டினால் அந்தச் சிறுமி மறக்கவே மாட்டாள்.

இன்னொன்று. டிரையாசிக் காலத்தில், அதாவது சுமார் 25 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், முதலை வழியின் முன்னோர் ஒல்லியான உடலும் நீண்ட காலுமாகத் தரையில் ஓடித் திரிந்தவை. ஆற்றில் பதுங்கும் வேலையை அப்போது பார்த்தவை ஃபைட்டோசார்கள். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இவை அழிந்த பிறகுதான் முதலைகள் அந்த வடிவத்துக்கு வந்தன. யார் யாரைப் போல் இருக்கிறார்கள், சொல்லுங்கள்!

பாவம், பெயர் விஷயத்தில் இதற்கு ராசியே இல்லை. 1828-இல் ஜெர்மனியில் ஜேகர் என்ற ஆய்வாளர், பல்குழிகளில் புகுந்து இறுகிய சேற்றைப் பல் என்று நினைத்து, தழை தின்னும் பிராணி என முடிவுகட்டினார். அப்படி வந்த பெயர்தான் ஃபைட்டோசார்; அதாவது 'செடிப் பல்லி'. 1885-இல் லைடெக்கர் என்ற புதைபடிவ ஆய்வாளர் பாராசூக்கஸ் என்று பெயரிட்டபோது, அவர் கையிலிருந்த எலும்புகளில் வேறொரு ஊர்வனவின் மண்டைத் துண்டும் கலந்திருந்தது. பிற்பாடு பிராணஹிதா-கோதாவரி பள்ளத்தாக்கில் கிடைத்த பாராசூக்கஸின் இரண்டு முழு எலும்புக்கூடுகளில், வயிற்றுப் பகுதியில் மாலெரிசாரஸ் என்ற சிறு ஊர்வனவின் எலும்புகள் இருந்தன. செடிப் பல்லியின் சாப்பாடு அது!

பலகையில் இடமில்லை என்பீர்கள். இவ்வளவு போதும்: "பாராசூக்கஸ். முதலை அல்ல. மூக்குத்துளை எங்கே என்று தேடுங்கள்."

இப்படிக்கு,
பலகைகளை முழுதாகப் படிக்கும் ஒரு பார்வையாளர்