ஏரி நிலவரம் போடுகிறீர்கள், கடல் நிலவரம் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உலகப் பெருங்கடல் நாளையொட்டி ஜூன் 8 அன்று நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் பார்த்தேன். படங்கள் பிரமாதம், டால்பின், பவளப்பாறை, பட்டினப்பாக்கம் அலை எல்லாம் இருந்தன. ஆனால் கடல் நமக்கு என்னதான் செய்கிறது என்று தேடிப் படித்தால், பூமியில் 71 சதவீதம் கடல், மீன் கிடைக்கிறது, கப்பல் போகிறது, குப்பை போடாதீர்கள், அவ்வளவுதான். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே ஒப்பித்துவிடும்.

சென்னைக்காரர்களுக்குக் கடல் என்றால் முதலில் மதியக் காற்று. கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கே தரை கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது, கடல் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது, அதனால் தரைமேல் சூடான காற்று மேலே கிளம்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்தக் கடற்காற்று கரையேற முடியாமல் மூன்று மணி வரைகூட இழுத்தடிக்கும், அன்றைக்குத்தான் 41, 42 டிகிரி என்று நீங்கள் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். கோடையில் நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் பெரும்பாலும் வெயில் கூடுதலாக இருப்பதும், அது கடலிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருப்பதால்தான்.

இதே வேலையைத்தான் கடல் மொத்த பூமிக்கும் பார்க்கிறது. வளிமண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவையோ, அவ்வளவும் கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கவே ஏறக்குறையச் செலவாகிவிடும். கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் பூமியில் கூடுதலாகத் தேக்கிவைத்த வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது அங்கேதான். நாம் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவிலும் கால்வாசியை அதுவே வாங்கிக்கொள்கிறது. சும்மா இல்லை, அதற்கான வட்டியை நம்மிடமே வசூலிக்கிறது. சூடான தண்ணீர் விரிந்து கடல் மட்டம் ஏறுகிறது, புயலுக்கும் தீனி கூடுகிறது. புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பார்கள், நம் வங்கக் கடல் ஆண்டின் பெரும்பகுதி அதைத் தாண்டித்தான் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதப்பதால் கீழே இருக்கும் குளிர்ந்த நீர் எளிதில் மேலே வந்து கலப்பதில்லை, சூடு மேலேயே தங்கிவிடுகிறது. வர்தாவும் மிக்ஜாமும் வளர்ந்தது இந்தக் கடலில்தான்.

அப்புறம் மழை. சென்னைக்கு ஆண்டில் கிடைப்பதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் வழியாக வருவது. அதுவும் நம் கடல் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை. பசிபிக்கில் பெரு நாட்டுப் பக்கம் தண்ணீர் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தூக்கலாகவே பெய்கிறது, 2015ல் டிசம்பர் வெள்ளம் வந்தபோதும் அங்கே வலுவான எல் நினோ இருந்தது. மழை பொய்த்து ஏரிகள் வறண்டு 2019ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரையே குடிநீராக்கித்தான் ஓரளவு சமாளிக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு தண்ணீர் என்று தினமும் போடுகிறீர்கள், நானும் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்த ஏரிகளை நிரப்பும் கடல் இன்று எவ்வளவு சூடாக இருக்கிறது, வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்று ஏன் போடக்கூடாது?

தகவலுக்குப் பஞ்சமே இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் வெப்பநிலையை வெளியிடுகிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு அளவெடுக்கிறது. உலகம் முழுக்கச் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் வேறு சுற்றிக்கொண்டிருக்கின்றன. நீளக் குழாய் மாதிரி இருக்கும், 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்துவிட்டு, பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். யாரும் பக்கத்தில் இருந்து இயக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் எண்ணெயை வெளியே ஒரு பைக்குள் தள்ளினால் பருத்து மேலே வரும், திரும்ப இழுத்துக்கொண்டால் இறங்கும். சிறப்புப் பக்கத்தில் டால்பினுக்குப் பக்கத்தில் இதன் படத்தையும் போட்டிருக்கலாம், என் பேரன் அரை மணி நேரம் கேள்வி கேட்டே தீர்த்திருப்பான்.

புயல் சின்னம் உருவான பிறகு ஓடி ஓடி எழுதும் நிருபர்களைக் குறை சொல்லவில்லை. செப்டம்பரிலிருந்தாவது இரண்டு வரி போடுங்கள், கடல் வெப்பம் இவ்வளவு, வழக்கத்தைவிட இவ்வளவு கூட, அது போதும். இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், ராசிபலனில் ஆளுக்கு ஒரு வார்த்தை குறைத்தாலே இடம் வந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவான்மியூர், சென்னை